ஆர்லீன் வீட்டு மேப்பிள்

மரத்தடியில் மரச்சில்லைப் பரப்பி மூடாக்குப் போடுவதென்றால் மே மாதம்தான் சரி. முந்திப் போட்டால் மண்ணில் குளிர் விடாது. பிந்தினால் களை முந்திக்கொள்ளும். எங்கள் தெருவில் இது தெரியாதவர்கள் இல்லை. ஒஹாயோவில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதை அவன் வாசல் புல்தரையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். உள்ளே மனைவியோடு ஒரு வார்த்தை பேசுகிறானா என்று எவனும் எட்டிப் பார்ப்பதில்லை.

நீங்கள் பக்கத்து வீட்டு ஆர்லீன் செத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவசரப்படாதீர்கள். பிப்ரவரியில், விழுந்த இடத்திலேயே உறைந்துபோகும் அந்த மழை பெய்தது. அவள் வீட்டு மேப்பிள் மரம் பாரம் தாங்காமல் முன்னறைக் கூரையின்மேல் சாய்ந்தது. அவள் அங்கேதான் படுத்திருந்தாள். மழை செய்த வேலை என்று தெருவே சொல்கிறது. வேரைக் குனிந்து பார்த்த போலீஸ்காரர் நீங்கள் ஒருவர்தான். அந்த மரியாதைக்காகச் சொல்கிறேன்.

நான் ரப்பர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி நடீனுக்கு வாசலில் புல் ஆகாது. நெஞ்சு உயரத்துக்குக் காட்டுச்செடிகளை வளர்த்தாள். மஞ்சள் பூ, ஊதாப் பூ, உடைத்தால் பால் வடிகிற செடி. அந்தப் பால்செடியில்தான் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும் என்பாள். புற்றுநோய் வந்து எழுந்து நடக்க முடியாதபோதும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, புழு எத்தனை பெரிதாகிவிட்டது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். தெருவில் அதைக் குப்பைமேடு என்றார்கள். என்னிடம் நேரே சொல்ல ஒருவனுக்கும் தைரியம் இல்லை. என் வீட்டைத் தாண்டும்போது மட்டும் நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இளித்தபடி நடப்பார்கள். அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு ஜூலையில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊராட்சிக்கு யாரோ போன் செய்தார்கள். ஆட்கள் வந்து மொத்தத்தையும் மழித்துவிட்டுப் போனார்கள். நடீனைக் கூட்டிவந்த அன்று அவள் காரைவிட்டு இறங்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "யாரு?" என்றாள். நான் பக்கத்து வீட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மறுவாரம் ஆர்லீன் சூப்போடு வந்தாள். அவள் தனியாக வாழ்ந்த விதவை. நடீன் படுத்தபடியே அவளிடம் நேராகக் கேட்டாள். ஆர்லீன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமா நடீன், நான்தான் போன் பண்ணேன். மன்னிச்சிடு" என்றாள். நடீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மாதமே போய்விட்டாள்.

அப்புறம் நான் ஊரோடு ஒத்து வாழ ஆரம்பித்தேன். என் புல்தரையைப் பார்த்தீர்கள் அல்லவா? ஆர்லீனுக்கு முடியாத வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். மே வந்தால் மரச்சில்லு மூட்டைகளை இறக்கி, அவள் மேப்பிளின் அடிமரத்தை ஒட்டிக் கோபுரமாகக் குவிப்பேன். தப்பான முறைதான். ஆனால் எங்கள் ஊரில் சர்ச் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் அப்படித்தான் குவிக்கிறார்கள், கண்ணுக்குப் பாந்தமாக இருக்கிறதாம். மரத்தின் அடிப்பட்டை காற்று வாங்க வேண்டும். மூடிக் கிடந்தால் அழுகும். அழுகலுக்குள் கிளம்புகிற வேர் வெளியே போகாமல் அடிமரத்தையே சுற்றிச் சுற்றி நெரிக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நடீன். ஜூலையில் அந்தக் குவியலை நனைத்துவைப்பேன், காய்ந்தால் அழுகாது. அக்டோபரில் இலை வாருவேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, ஆறு வருஷம் பொறுமையாக அடித்தேன். தெருவில் போகிறவர்கள் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அதே நாய்க்காரர்கள்தான்.

போன வருஷம் அக்டோபரில், ஆர்லீனுக்கு டூலிப் கிழங்கு நட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். பூரித்துப்போனாள். தெருப் பக்கமாக ஆழப் பாத்தி எடுத்தேன். அந்தப் பக்கம் குறுக்கே வந்த வேரையெல்லாம் கோடரியால் வெட்டினேன். வீட்டுப் பக்கம் தொடவில்லை. இழுத்துப் பிடிக்கிற கயிறு போனால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கே தெரியும். கூரை உடையட்டும், அவள் அந்த வீட்டை விற்றுவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அவள் படுக்கை மாடியில், பின்பக்கம் இருந்தது. ஆளைக் கொல்லும் எண்ணம் அப்போது இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

நவம்பரில் அவளுக்கு இடுப்பு அறுவை. மாடி ஏற முடியாது, கட்டிலைக் கீழே இறக்க வேண்டும், சமையலறைக்குப் பின்னால் உள்ள அறையில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். போனேன். காபி கொடுத்தாள்.

"வெர்லின், ஒண்ணு சொல்லணும். மனசுலயே வெச்சிக்கிட்டுச் செத்துப்போனா நல்லாயிருக்காது. அன்னிக்கு நடீன்கிட்ட நான்தான்னு சொன்னேன்ல? நான் இல்ல. அறுக்க வந்த ஆளுக்கு எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு நீங்க கைகாட்டிக்கிட்டு நின்னீங்க. ஜன்னல்ல பார்த்தேன்."

அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சாகப்போறவ புருஷன்மேல கோவத்தோடயா போகணும்? என்மேல கோவப்பட்டுட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்." பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அதுக்காகத்தானே இத்தனை வருஷமா என் மரத்துக்கு உழைக்கிறீங்க. எனக்குத் தெரியாதா?"

நான் காபியைக் குடித்து முடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். பின்னறையில் வெயிலே வராதே, முன்னறையில் போட்டால் டூலிப் பூக்கும்போது படுத்தபடியே பார்க்கலாமே என்றேன். என் நல்ல மனசு யாருக்கும் வராது என்றாள். கட்டிலை மரத்துக்கு நேராக ஜன்னலோரம் போட்டு, தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்துக் கொடுத்தேன்.

போன் செய்தது நான்தான். சாகக் கிடந்த நேரத்திலும் நடீன் புழுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை அல்ல. எனக்குக் கோபம் வந்தது. நாற்பது வருஷம் உழைத்துப்போட்டவனுக்கு அந்தக் கோபம்கூட வரக்கூடாதா? ஆனால் ஆர்லீன் தன் வாயால் ஒப்புக்கொண்ட பிறகு, செய்தது அவள்தான் என்று எனக்கும் ஆகிப்போயிற்று. ஆறு வருஷம் நிம்மதியாக அவளை வெறுத்தேன். அதை ஒரு கோப்பைக் காபியோடு பிடுங்கிக்கொள்ள அவள் யார்?

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் சேர்த்து எழுதுங்கள்: நடீனிடம் பொய் சொன்னவள் ஆர்லீன். நான் என் மனைவியிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.