ஸப்வூஃபரத் தொறக்காதீங்க

...இல்ல தம்பி, நான் கேக்குறன், ஒயர்லஸ்ன்டு சொல்லித்தானே ஒங்கட கடையில தந்தீங்க? அப்ப இங்கால தொங்குறது என்ன? கரன்ட் வயராம்! டீவிக்கு ஒன்டு, நீட்டு ஸ்பீக்கருக்கு ஒன்டு, மூலையில நிக்கிற சின்னது ரெண்டுக்கும் ரெண்டு, இந்த ஸப்வூஃபருக்கு இன்னொன்டு. இந்த எத்தாளை ஊருல உள்ள பிளக் எல்லாம் எங்கட ஹோல்லதான். இதுக்குப் பேரு ஒயர்லஸ்!

மகன் றிப்னாஸ் கட்டார்லருந்து கொண்டு வந்தது நீட்டும் சின்னதும்தான். ஸப்வூஃபர் நான் வாங்கிச் சேத்த. மெச் பாக்கக்குள்ள பந்து மட்டையில படுற சத்தம் நெஞ்சில இடிக்கணும்டு... சரி, இப்ப இடிக்கிதில்ல. அதுக்கென்ன? உப்புக் காத்து தம்பி! இங்க கேட் துருப்பிடிக்கிது, ஃபேன் துருப்பிடிக்கிது, மனுசனே துருப்பிடிக்கிறான்.

எய் எய்! அந்த இஸ்குருப்புல கை வெக்காதீங்க! தொறந்தா வாரன்டி போயிடும்டு ஒங்கட மொதலாளிதான் சொன்ன. மகள் ஸம்ஹா கூப்பிட்டா, வந்தீங்க, பாத்தீங்க, போதும். பிளேன்டி ஆறுது, தேத்தண்ணியக் குடிங்க. சீனி காணாதா? எப்பிடிக் காணும்? எனக்குச் சுகர்ன்டு கிளினிக்ல சொன்னதுலருந்து பரீனா, எங்கட பொஞ்சாதி, சீனிப் போத்தல அலுமாரியில வெச்சிப் பூட்டிட்டா. கலியாண ஊட்டுல வட்டிலாப்பத்துக்குக் கை போகக்குள்ள, அவ்வளவு சனத்துக்கு முன்னால என்ட கையப் புடிச்சிட்டா! இனி ஒருக்கா இனிப்போட கண்டா கடைத்தெருவுக்குத் தனியப் போக உடமாட்டாவாம். கடைத்தெருவு இல்லாட்டி எனக்கென்ன ஹயாத்து, என்ன வாழ்க்க, சொல்லுங்க?

பின்னால என்னத்தப் பாக்குறீங்க? எறும்பா? எறும்புக்கும் பாட்டுக் கேக்க ஆசைதானே. டோர்ச்ச அணைங்க தம்பி. அந்த ஓட்டைக்குள்ள கைய உடாதீங்க... கைய... அஸ்தஃபிருல்லாஹ்.

மெல்ல, மெல்லக் கதைங்க. ஸம்ஹா குசினியில சமைக்கிறா. ஓம், தொதல்தான், கருப்பட்டித் தொதல், இனிப்புத்தான். நான்தான் வெச்ச. சத்தத்துக்கா இத வாங்கின? கடையில இந்த ஓட்டையக் கண்டன். கை போற அளவு, ஒருத்தரும் பாக்காத எடம்... எனக்கு மனசு நெறஞ்சி போச்சி.

இன்னும் இரிக்கா? உள்ளுக்கா? இல்லையே, நான் ஒரு பார்சல்தானே... குறடால புடிச்சி இழுங்க பாப்பம். மஸ்கட்டு! கஜு போட்ட மஸ்கட் அலுவா! வல்லாஹி, இது என்ட இல்ல. என்ட தடிச்ச கை அவ்வளவு தூரம் எட்டாது. சுத்தியிரிக்கிறது... பரீனாட பழைய ஸ்கார்ஃப். அவவுக்கும் சுகர் தம்பி! எனக்கு முந்தியே வந்த!

பொறுங்க... என்ட தொதலத் தாண்டித்தானே இது உள்ளுக்குப் போயிரிக்கணும்? அப்ப அவவுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டுத்தான்... அதான் தொதல் கொறஞ்சி கொறஞ்சி வந்த! நான் பாவம் எலிய ஏசின.

கோவம் வரணும்தானே? வருதில்ல தம்பி, சிரிப்புத்தான் வருது. அடி கள்ளி!

எல்லாத்தையும் இருந்த மாதிரியே வெச்சிடுங்க. மஸ்கட் உள்ளுக்கு, தொதல் அதுக்கு முன்னால. ஸம்ஹாக்கிட்ட சொல்லுங்க, ஒரு சாமான் கொழும்புலருந்து வரணும், கன நாள் ஆகும்டு. என்ன முழிக்கிறீங்க? பொய்யா? இந்தாங்க, மஸ்கட்டுல ஒரு துண்டு வாயில போடுங்க. ஒன்டு காணாது, ரெண்டு போடுங்க. வாய் நெறைய இருந்தா ஒருத்தரும் பதில் கேக்க மாட்டாங்க.

கேட் சத்தம்... பரீனா வாறா! தம்பி, எங்க ஓடுறீங்க? பேக்க உட்டுட்டுப் போறீங்களே! தம்பி... வாயத் தொடைங்க, வாயத் தொடைங்க, மஸ்கட் எண்ண மினுங்குது!