ஓஸ் பிடித்தவர்

நான் வேலையில்லாமல் மாம்பலம் ஸ்டேஷன் பெஞ்சில் கிடந்த காலம். படுக்கை வைத்த டூரிஸ்ட் வேன்களுக்கு உள்ளே பலகை அடித்து ரிப்பேர் செய்யும் இருவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"ஓஸே இல்லன்னா நான் எதுக்கு நைனா?" என்றார் பெரியவர்.

இளையவர் மடியில் துபாயிலிருந்து வந்த, கம்ப்ரசரும் காற்றுக் குழாயான ஓஸும் இல்லாமல் பேட்டரியிலேயே ஆணி அடிக்கும் கன் இருந்தது.

"கம்ப்ரசர உருட்டிக்கினு எத்தினி நாளு மாமா அலையறது?"

"ஓஸு வேன் பெயின்ட்ல ஒரசாம வெளிய நின்னு புட்சிக்கினு இருந்தேன். கம்ப்ரசர் சத்தத்துலயும் நீ உள்ள பாடிக்கினே ஆணி அடிப்ப. நான் வேன் பாடிய தட்டி தாளம் போடுவேன்."

"மழையிலயும் நின்னியே."

"இனிமே?"

ரயில் வந்தது. இளையவர் எழுந்து கையை நீட்டினார்.

"இனிமே உள்ள வந்து பலகையப் புடி. கம்ப்ரசர் சத்தம் இல்ல, என் பாட்டு முழுசா கேக்கும். தாங்கிக்கோ."