ஆலடித் தரிப்பில் இறங்கிய மக்டலீன் ரீச்சர்

தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் அவர்களே, வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரீச்சரின் துணைவர் ஜெறோம் அண்ணை அவர்களே, குருநகரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, ஆசிரிய நண்பர்களே, என் மாணவச் செல்வங்களே! உங்கள் துயரத்தின் நடுவே நின்று வணங்குகிறேன்.

மண்டபம் கொள்ளவில்லை. யன்னலுக்கு வெளியிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள். உள்ளே வந்ததும் எனக்கு முதலில் வந்தது கண்ணீரல்ல. 'என்ரை செத்தவீட்டுக்கு இவ்வளவு சனம் வருமோ?' என்ற நினைப்புத்தான் வந்தது. சிரியுங்கள், ரீச்சரும் சிரித்திருப்பார். செத்தவர்களைப் பற்றிக் கூடாமல் கதைக்கக்கூடாது என்பார்கள். நான் உயிரோடு இருக்கிற ஒருவனைப் பற்றித்தான் கூடாமல் கதைக்கப் போகிறேன். அவன் இந்தப் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியன், கோலூன்றிப் பாய்தல் பயிற்சியாளன், உங்கள் முன் நிற்கும் சிவகரன்.

பதினொரு வருடம் இங்கே பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் உளவளத்துணை ஆசிரியராக இருந்தார் மக்டலீன் ரீச்சர். பதினொரு வருடமும் நான் அவர்மீது பொறாமைப்பட்டேன்!

எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது? வெயிலில் காய்ந்து கத்துகிறவன் நான். அவர் ஒரு குடையோடு வந்து, நாங்கள் பாய்ந்து விழுகிற மெத்தையின் ஓரத்தில் இருப்பார். "சாப்பிட்டியே பிள்ளை? என்ன கறி?" என்று கேட்பார். அவ்வளவுதான். என்னிடம் 'ஓம் சேர்', 'இல்லை சேர்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை, அவரிடம் மணித்தியாலக் கணக்கில் கதைக்கும். மீன்குழம்பில் தொடங்கி, நித்திரை வராததில் போய் முடியும். எனக்கு வயிறு பற்றி எரியும்.

எங்கள் பாடசாலையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாகாணப் போட்டி முடிந்து பஸ் வரும்போது வாசலில் மாலையும் மேளமும் காத்திருக்கும். மேளத்துக்கு அளவெட்டிக்குப் போய்ச் சொல்லிவைப்பவன் நான், ஏனென்றால் அது என் ஊர். தோற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வாசலுக்கு வர வெட்கப்பட்டு, அதற்கு முந்திய ஆலடி பஸ் தரிப்பில் இறங்கி, பின் ஒழுங்கையால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை, யாரும் தடுத்ததுமில்லை. நானும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

மக்டலீன் ரீச்சர் வந்த முதல் வருடமே அவர்களோடு ஆலடியில் இறங்கினார். கடையில் ஆளுக்கொரு சோடா வாங்கிக் கொடுத்து, சிரிக்கச் சிரிக்கக் கதைத்துக்கொண்டு நடந்தார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் எங்கள் அருந்ததி கோலூன்றிப் பாய்தலில் மாகாணச் சாதனையோடு தங்கம் வென்றாள். பஸ்ஸுக்கு முந்தி மோட்டார்சைக்கிளில் வந்து மாலையை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கிறேன். மேளம் முழங்குகிறது. பஸ் வருகிறது. கதவு திறக்கிறது. அருந்ததி இல்லை! தங்கம் வென்ற பிள்ளை ஆலடியில் இறங்கிவிட்டாள்! கால் மணித்தியாலம் கழித்து, தோற்றவர்களோடு ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு வருகிறாள்.

"ஏன் பிள்ளை உப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டேன்.

"ரீச்சரோடை நடந்து வரவேணும் போலை இருந்தது, சேர்" என்றாள்.

அந்த மாலையை யாருக்குப் போடுவது? மேளகாரர் என்னைப் பார்க்கிறார்கள். அன்று என் பொறாமைக்குக் கொம்பு முளைத்தது.

பிறகு தேசியப் போட்டி வந்தது. ரீச்சர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "சேர், அருந்ததிக்கு ஓடத் தொடங்கினா மூச்சு அடைக்குதாம். ராவிலை நித்திரையும் இல்லை. இந்தமுறை அவளை விடாதேங்கோ."

"உங்களுக்குக் கோலை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டு தெரியுமோ?" என்றேன்.

"தெரியாது, சேர். பிள்ளையின்ரை கை நடுங்கிறது மட்டும் தெரியும்."

அதற்கு நான் என்ன செய்தேன்? உளவளத்துணை ஆசிரியர் மைதானத்துக்கு வருவது பயிற்சிக்கு இடைஞ்சல் என்று அதிபருக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த நாளிலிருந்து குடை வரவில்லை. ஓம், அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான். ஜெறோம் அண்ணை, உங்களிடம் இதைச் சபையறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இன்று பேசக் கேட்டேன்.

கொழும்பில் அருந்ததி மூன்று முறை ஓடினாள். மூன்று முறையும் கோலை ஊன்றாமல் நின்றாள். மூன்றாம் முறை கோலைக் கீழே போட்டுவிட்டு மைதானத்தை விட்டே ஓடிவிட்டாள். இரண்டு மணித்தியாலம் தேடினோம். நான் கும்பிடாத தெய்வமில்லை. கடைசியில் மானத்தை விட்டு ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"பயப்பிடாதேங்கோ, சேர். இப்பதான் என்னோடை கதைச்சவள். பின்பக்கக் கேற்றடியிலை இருக்கிறாள். போய்ப் பக்கத்திலை இருங்கோ. ஒண்டும் கேளாதேங்கோ."

போய் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, "எனக்குச் செத்துப்போகலாம் போலை இருந்தது, சேர்" என்றாள். மெத்தையும் கோலும் வைத்து ஐந்து வருடம் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்த பிள்ளை! அவளைக் காப்பாற்றியவர் இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருந்தார். அந்த நேரத்திலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'ஓடிப்போன பிள்ளை என்ரை நம்பரை எடுக்கேல்லையே' என்று நெஞ்சு எரிந்தது.

திரும்பி வந்தபோது ஆலடியில் ரீச்சர் குடையோடு நின்றார். அருந்ததி இறங்கினாள். ரீச்சர் என்னைப் பார்த்து, "சேர், நீங்களும் இறங்குங்கோவன்" என்றார்.

நான் இறங்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு வாசல்வரை போனேன். மாலையுமில்லை, மேளமுமில்லை. தனியே இறங்கினேன்.

பிறகு ரீச்சர் நோயில் விழுந்தார், ஆசுபத்திரியில்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கொண்டுபோன பழங்களை மேசையில் அடுக்கிக்கொண்டு நின்றேன். அவரே சொன்னார்: "அதிபர் அந்தக் கடிதத்தைக் காட்டினவர், சேர். உங்கடை கையெழுத்து நல்ல வடிவு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு, "சாப்பிட்டனீங்களே? என்ன கறி?" என்று கேட்டார். அன்று அவரிடம் ஒரு மணித்தியாலம் கதைத்தேன், மக்களே! பதினொரு வருடம் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நான் எதற்குப் பொறாமைப்பட்டேன் என்று அன்றுதான் விளங்கியது.

அருந்ததி இந்தச் சபையில் இருக்கிறாள். கொழும்பால் வந்ததும் ரீச்சரே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். இப்போது நித்திரை கொள்கிறாள். கோலைத் தொடுவதா விடுவதா என்பது அவளுடைய விருப்பம்.

ரீச்சர், நான் செய்யப்போவதைக் கேளுங்கள். மைதானத்தில் உங்கள் இடத்துக்கு வருகிற ஆசிரியருக்கு மெத்தையோரத்தில் நானே கதிரை போடுவேன். 'ஏலாது சேர்' என்று ஒரு பிள்ளை சொன்னால் அது போட்டியில் இறங்காது. அளவெட்டி மேளகாரருக்கு நேற்றே சொல்லிவிட்டேன்: இனி வாசலுக்கு வரவேண்டாம், ஆலடிக்கு வாருங்கள். வென்ற பிள்ளையும் தோற்ற பிள்ளையும் அங்கேதான் இறங்கும். நானும் இறங்குவேன். வாசல்வரை எல்லோரும் ஒன்றாக நடப்போம். வழிநெடுக அந்தப் பிள்ளைகள் உங்களைப் பற்றித்தான் கதைப்பார்கள். எனக்கு எரியும், ரீச்சர். எரிந்தாலும் கேட்டுக்கொண்டே நடப்பேன்.