அவன் காலில் என் பூட்ஸ்

பஸ் ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்பது விதி. மலேசியாவில், பீடோரிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் அதை மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஓட்டுநர் மூன்றிலும் பேசினார்.

"கால்பந்துல கொரியாக்காரன் உலகக் கோப்பைக்கே போயிட்டான். நாம எப்ப தம்பி போறது?"

கம்பியைப் பிடித்து நின்ற தோட்டத்து இளைஞன் சொன்னான்:

"ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ் இருந்தா போலாம்ணே."

"பூட்ஸா?"

"நானும் என் கூட்டாளி மணியமும் சேர்ந்து ஒரு ஜோடிதான் வாங்கினோம். ஒரு ஆட்டம் அவன், ஒரு ஆட்டம் நான். பேராக் மாநில டீமுக்கு ஆள் எடுத்த அன்னிக்கு அவன் முறை. அவன எடுத்துட்டாங்க. பூட்ஸையும் கொண்டுபோயிட்டான்."

"அவன் நல்லா ஆடுவான்லா."

"பூட்ஸ் ஆடுச்சுண்ணே."

"சனிக்கிழமை ஈப்போ ஸ்டேடியத்துல அவன் கோல் போட்டா கை தட்டுவியா?"

இளைஞன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

பஸ்ஸில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நானும் அந்த ஆட்டத்துக்குப் போனேன். பெஞ்சின் மேல் ஏறக்கூடாது என்பதும் விதிதான். மணியம் கோல் போட்டதும், எனக்கு முன்னால் அதே இளைஞன் பெஞ்சின் மேல் ஏறிக் கத்தினான்.

"என் பூட்ஸ்லா அது! என் பூட்ஸ்!"

கத்திக்கொண்டே கையும் தட்டினான். ஓட்டுநரின் கேள்விக்குப் பதில் வந்த நாள் அந்தச் சனிக்கிழமை.