பூவாடைக்காரியின் புடவை

வினிதா: மாலைய கொஞ்சம் ஒதுக்கினா போதும்யா. ஒரே ஒரு போட்டோ...

பொன்னுரங்கம்: கை வெக்காத மா. அது எங்க பூவாடைக்காரி. எங்கப்பா கூடப்பொறந்த அத்தை. கல்யாணத்துக்கு முன்னியே கடல்ல பூட்ச்சி. ஆடிக்கு ஆடி பொடவ வெச்சி கும்புட்றோம்.

வினிதா: மாலைக்குக் கீழ கிரீடம் இருக்குமே?

பொன்னுரங்கம்: கிரீடமா...

வினிதா: இந்தாங்க, என் போன பாருங்க. தொண்ணூறு வருசத்துக்கு முந்தின ஊமைப்படம். அதே மூஞ்சி, அதே மூக்குத்தி.

பொன்னுரங்கம்: காலேஜ்ல இருந்து வர்றேன்னு சொன்னியே... எங்க சாமிய கூத்தாடின்னு எழுதப்போறியா? அடுத்த வாரம் படையல். சொந்தம் பூரா வரும்.

வினிதா: நாலு படத்துல கதாநாயகி அவங்க. படகுல இருந்து குதிக்கச் சொன்னா மத்தவங்க அழுவாங்களாம். இவங்க முந்தானைய சொருவிகினு குதிச்சிடுவாங்க.

பொன்னுரங்கம்: குதிக்கும், குதிக்கும். காசிமேட்டு பொண்ணு. எண்ணூர் வரிக்கும் நீந்தும்.

வினிதா: அப்பேர்ப்பட்டவங்க எப்படிய்யா கடல்ல முழுகினாங்க?

பொன்னுரங்கம்: அத வுடு மா.

வினிதா: சொல்லுங்க.

பொன்னுரங்கம்: அப்பாலிக்கா ஏன் நடிக்கலியாம்?

வினிதா: படம் பேச ஆரம்பிச்சிடுச்சி. மைக்க முன்னால வெச்சாங்க. ‘இன்னா பேசணும்’னு கேட்டிருக்காங்க. அந்தப் பேச்சுக்கு கம்பெனியே சிரிச்சிடுச்சாம். மறுநாள் வேணாம்னுட்டாங்க.

பொன்னுரங்கம்: சிரிச்சானுங்களா... கஸ்மாலம்.

வினிதா: நேரா இந்த வாசலுக்குத்தான் வந்தாங்க. உங்க தாத்தா கதவத் தொறக்கல. பொண்ணு கடல்ல போயிட்டான்னு ஊருக்குச் சொல்லி, தல முழுகிட்டு, போட்டோக்கு மால போட்டுட்டாரு.

பொன்னுரங்கம்: இது எந்த புக்குல கீது?

வினிதா: எந்த புக்குலயும் இல்ல. நான் காலேஜும் இல்ல. வியாசர்பாடில எங்க வூட்டு டிரங்குப் பெட்டில நாப்பது பொடவ இருக்கு. எல்லாத்துலயும் ஓரத்துல மஞ்சா தடவி, சாம்பிராணி வாசன. ஆடிப் படையலுக்கு மறுநாள் வாசல்ல ஒண்ணு கெடக்குமாம். அவங்க என் கொள்ளுப்பாட்டிய்யா. யாரு வெச்சதுன்னு தெரியாமயே செத்துட்டாங்க. அதக் கேக்கத்தான் வந்தேன்.

பொன்னுரங்கம்: தெரியாமலா... எங்கப்பா படுத்ததுக்கு அப்பறம் கடைசி பத்து பொடவய வெச்சது நான்தான் கண்ணு. ஜன்னல் கம்பிய புடிச்சிகினு என்னியே பாத்துகினு நிக்கும். ஒரு தபா கூட வாயத் தொறக்கல. நானும் அத்தேன்னு கூப்புடல.