வாசலில் நின்ற கால்

எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்போடு வர மாட்டார்கள். என் மனைவி சுசீலா விட மாட்டாள். ரகுபதிக்கும் அந்த மரியாதை தெரியும். அதில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், இன்ஸ்பெக்டர் சார்.

ஆனால் அவரால் ஷூவை மட்டும் கழற்ற முடியாது. அவருக்கு வலது கால் செயற்கைக் கால். ஷூவின் உயரத்துக்குத் தக்கபடி அதை அமைத்திருந்தார்கள். ஷூ இல்லாமல் நின்றால் பின்னால் சாய்வார். அதனால் ஷூவோடு காலையும் சேர்த்துக் கழற்றி வாசலில் நிறுத்திவிட்டு, ஊன்றுகோலோடு தாவித் தாவி உள்ளே வருவார்.

"அக்கா, காலையே வெளிய விட்டுட்டேன். இதுக்கு மேல என்ன மரியாதை லா?"

சுசீலா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எனக்குச் சர்க்கரையால் இடது காலை எடுத்துவிட்டார்கள். எடுத்த ஆஸ்பத்திரியே ஓர் ஆதரவுத் திட்டமும் வைத்திருக்கிறது. ஏற்கெனவே காலை இழந்தவர், புதிதாக இழந்தவர் வீட்டுக்குப் போய்த் தைரியம் சொல்ல வேண்டுமாம். வெட்டுவதும் அவர்களே, ஆறுதலுக்கு ஆள் அனுப்புவதும் அவர்களே. நான் படிக்காதவன்தான். ஆனால் இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும்.

அப்படி என் வீட்டுக்கு வந்தவர்தான் ரகுபதி. வாராவாரம் வந்தார். வரும்போது தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவருவார்.

"அண்ணே, தீபாவளிக்கு நாம ரெண்டு பேரும் சிராங்கூன் ரோட்டுல நடக்குறோம்."

"நீங்க நடங்க. என்னை விடுங்க."

"கோவப்படுங்கண்ணே, நல்லது. நானும் இப்படித்தான் இருந்தேன்."

துவாஸ் கப்பல் பட்டறையில் ஆயுசு முழுக்க நின்றே பிழைத்தவன் நான். என் கோபம் என்னுடையது. அதையும் தனக்கு முன்பே தெரிந்த சங்கதி போலத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஏசினால் சிரிப்பார். ஒருநாள் கிளாஸைத் தூக்கி எறிந்தேன். குனிந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "குறி தப்பிடுச்சுண்ணே" என்றார்.

அதுவரைக்கும் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டேன். சுசீலா சமையலறையிலிருந்து வரவில்லை.

"நீங்களே சக்கர வண்டிய உருட்டிட்டு வந்து எடுத்துக்குங்க. நான் எடுத்துக் குடுத்தா உங்களுக்குத்தான் கெடுதலாம், ரகுபதி தம்பி சொன்னாரு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்த கை. அதை என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு வேறொருவர் நிறுத்தி வைக்கிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சொல்லுங்கள்.

அடுத்த வாரம் வந்தவர், ஒற்றைக் காலில் நின்று மீன் பொரித்துக் காட்டுகிறேன் என்று சமையலறைக்குள் போனார். இரண்டு பேரும் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை வாசலுக்கு உருட்டினேன். அவர் நிறுத்தியிருந்த காலில், கணுக்காலுக்கு மேலே சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள். என் பழைய பட்டறைக் கருவிப் பெட்டியில் அதைத் திருக ஏற்ற ஆலன் கீ இருந்தது. முழுதாகக் கழற்றவில்லை. அப்படிச் செய்தால் வாசலிலேயே விழுவார், சுசீலா பதறிப்போவாள். கொஞ்சம் நடந்த பிறகு விட்டுக்கொடுக்கிற அளவுக்குத் தளர்த்தினேன். அவசரப்படவில்லை.

நன்றாகச் சாப்பிட்டார். காலை மாட்டிக்கொண்டு, "வர்றேண்ணே" என்றார். பார்த்துப் போங்கள் என்றுதான் நானும் சொன்னேன். வேண்டுமானால் சுசீலாவைக் கேளுங்கள்.

எம்ஆர்டி ரயில் நிலையத்தில் படி இறங்கும்போது பாதம் திரும்பிக்கொண்டது, உருண்டு விழுந்தார். கழுத்து எலும்பு நொறுங்கிவிட்டது. இப்போது கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ஸ்க்ரூவைத் தான் சரியாகப் பார்க்காததுதான் காரணம் என்று ரகுபதியே எல்லோரிடமும் சொல்கிறார். இன்று காலை சுசீலா என்னை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, இப்ப நீங்க சீனியர். எனக்குத் தைரியம் சொல்ல உங்களைத்தான் அனுப்பணும்னு கேட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார் சார். அந்த நிலைமையிலும் சிரித்தார். அழுதுகொண்டிருந்த சுசீலாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அங்கிருந்து நேராக இங்கேதான் வருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள், செய்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கைநாட்டு வைக்கிறேன். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நீங்களே போய் அவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் சிரிக்கிறாரா என்று மட்டும் பார்த்துவந்து எனக்குச் சொல்லுங்கள்.