எழுத்துக்குக் கீழே ஒரு வால்

தேநீரில் எனக்குச் சர்க்கரை வேண்டாம் மேடம், எலுமிச்சை ஒரு துண்டு இருந்தால் போதும். உங்கள் விசாரணைத் தாள்களில் இருக்கும் எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா? அதில் e போன்ற எழுத்துகளுக்குக் கீழே வரும் வால்கள் சரியில்லை. காற்புள்ளியை எடுத்து e-க்கு அடியில் ஒட்டியது போல இருக்கிறது. போலிஷ் மொழியைக் காதால்கூடக் கேட்காத யாரோ எங்கேயோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். வால் எழுத்தின் உடம்பிலிருந்தே இறங்கி வர வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு முக்கியமில்லை என்று தெரியும்.

எனக்கு முக்கியம். இருபத்திரண்டு வருடமாகத் தோருன் நகரில் புத்தகங்களுக்குப் பக்கம் கோக்கிறேன். வெளிநாட்டு எழுத்துருக்களில் வரும் அசிங்கமான வால்களை எடுத்துவிட்டு, நானே வரைந்த வாலை வைப்பேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது. உரை கணினிக்குள் போகும். அது பக்கத்தில் வடிவமாக விழுவதற்கு முன்னால் சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஒரு ஸ்கிரிப்டை, கணினிக்கான சில வரிக் கட்டளைகளை, நிறுத்தி, ‘இந்த வடிவம் வந்தால் எடுத்துவிட்டு அதை வை’ என்று சொல்லிவிடலாம். உரை அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரிவது மட்டும் மாறும். என் ஸ்கிரிப்டில் பத்தொன்பது வரிகள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று உங்கள் நிபுணரே எழுதியிருப்பார்.

நீங்கள் கேட்பது இருபதாவது வரியைப் பற்றி. சொல்கிறேன்.

என் மனைவி ஹல்ஷ்கா செப்டம்பரில் எங்கள் மகள் யகோடாவைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா ரூஷா வீட்டுக்குப் போய்விட்டாள். யகோடாவுக்கு ஆறு வயது. குழந்தையின் முதுகிலும் தோளிலும் தழும்புகள் இருந்தன என்பதில் இரண்டு பக்கத்துக்கும் சண்டை இல்லை. யாருடைய கை என்பதுதான் வழக்கு. அவள் என்னைச் சொன்னாள், நான் அவளைச் சொன்னேன். குழந்தை யாரையும் சொல்லவில்லை. நன்றாக வளர்த்திருந்தேன்.

நவம்பரில் என் மேசைக்கு ஒரு புத்தகம் வந்தது. ஏதோ ஒரு பெண்கள் சங்கம் பன்னிரண்டு பெண்களிடம் எழுதி வாங்கித் தொகுத்தது. ஏழாவது கட்டுரை ஹல்ஷ்காவுடையது. தாய்வீட்டுப் பெயரில் எழுதியிருந்தாள். பக்கம் கோப்பவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் அந்தப் பதிப்பகத்தில் சேர்ந்ததே அவள் போன பிறகுதான், புத்தகத்தில் என் பெயரும் வராது. முதலில் படிக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எட்டுப் பக்கம். அதில் ‘கணவன்’ என்ற சொல் இல்லை. ‘அவன்’ என்றுகூட இல்லை. வெறும் வினைச்சொற்கள்தான். பியே, ஷவூயே, குபூயே. அடிப்பது, வருந்துவது, பிறகு ஐஸ்கிரீம் வாங்கித் தருவது. யார் என்று சொல்லாமலே நம் மொழியில் எழுதிவிடலாம் என்பதால் எழுதியிருந்தாள். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷனுக்கு ஒரு ‘அவன்’ செலவழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

அவளுடைய கெட்டிக்காரத்தனமே அவளுக்கு வினையாக முடிந்தது. அந்த மூன்று சொல்லும் e-யில் முடியும். e மொட்டையாக நின்றால் அடிப்பது வேறு யாரோ. e-க்குக் கீழே ஒரு வால் இருந்தால் ‘நான் அடிக்கிறேன்’, அதாவது அடிப்பது எழுதுகிற ஆள். இறந்தகாலத்தில் எழுதியிருந்தால் ஆணா பெண்ணா என்று சொல்லே காட்டிக்கொடுத்திருக்கும். இலக்கியமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் எழுதினாள். ஒரே ஒரு இடத்தில் ‘அவன்’ போட்டிருந்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அச்சுக்கு முன்னால் சரிபார்க்கும் பிரதி அவளுக்குச் சுத்தமாகத்தான் போனது. ஒப்புதல் கொடுத்தாள். ‘எழுத்து ரொம்ப அழகா இருக்கு, கோத்தவருக்கு என் நன்றியச் சொல்லிடுங்க’ என்று சங்கத்துக்கு எழுதியிருந்தாள், அவர்கள் எனக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் இருபதாவது வரியைச் சேர்த்தேன். அறுபத்தொன்றாம் பக்கம் முதல் அறுபத்தெட்டாம் பக்கம் வரை, அந்த மூன்று சொல்லின் முடிவில் வரும் வடிவத்துக்குப் பதில் வால் உள்ள வடிவம். முப்பத்தோரு இடம். அவள் இணைப்பில் பார்த்த கோப்பின்மேலேயே புதியதைப் பழைய பெயரில் வைத்து அச்சகத்துக்கு அனுப்பினேன், பழையது எங்கும் மிஞ்சவில்லை. அவள் உரையில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. எழுதியவருடைய உரையில் கை வைப்பது என் தொழிலுக்கு அடுக்காது.

வெளியீட்டு விழா நகர நூலகத்தில், ஒரு சனிக்கிழமை மதியம். கசகசா கேக், காப்பி, நாற்பது பேர். கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நான் நின்றேன். ஹல்ஷ்கா என்னைப் பார்த்தாள். தலைகுனிய வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். என்னைப் பார்த்தபடியே வாசித்தாள், பாதிக்கு மேல் மனப்பாடம், புத்தகத்தைக் குனிந்து பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் காதுக்கு வித்தியாசம் கிடையாது. சொல்லின் கடைசியில் வால் இருந்தாலும் வாயில் வராது, இரண்டும் பியேதான். அவள் ஒன்றைச் சொல்ல, மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்த நாற்பது பேரும் இன்னொன்றைப் படித்தார்கள். ஒவ்வொருவராக நிமிர்ந்து அவளைப் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள். “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதம்மா. இப்பவும் அடிக்கிறியா?”

“யாரு, நானா?” என்றாள் ஹல்ஷ்கா.

“நீதானே எழுதியிருக்கே. இதோ இருக்கே வாலு. இதுல இருக்கு, இதுல இருக்கு, பக்கம் பூரா இருக்கு.”

ஹல்ஷ்கா புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். பக்கத்தைப் புரட்டினாள், அடுத்ததையும் புரட்டினாள். “இது நான் எழுதினது இல்ல” என்றாள்.

“பேரு உங்க பேருதானே போட்டிருக்கு?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

ரூஷா மட்டும் என் பக்கம் திரும்பினாள். “எல்லாரும் அந்தாளு மூஞ்சியப் பாருங்க. போகுஷ், என்னடா பண்ணித் தொலைச்சே?” அக்காவுக்கு எப்போதும் வாய் நீளம். யாரும் அவளைக் கேட்கவில்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நீதிமன்றத்தில் என் வழக்கறிஞர் புத்தகத்தை நீட்டினார், அவ்வளவுதான் அவர் செய்த வேலை. ஹல்ஷ்கா சங்கத்துக்கு அனுப்பிய மூலத்தை எடுத்துக் காட்டினாள். நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “என்னம்மா, இதுல ஒரு எழுத்துக்குக்கூட வால் இல்லையே. கோடு இல்ல, புள்ளி இல்ல.”

“போன்ல தட்டினேங்க. அவசரத்துக்கு எல்லாரும் அப்படித்தானே தட்றோம்.”

“அப்ப இத வச்சு யாரு அடிக்கிறதுன்னு நான் எப்படிச் சொல்றது?”

பாதி நாடு அப்படித்தான் தட்டுகிறது மேடம். சோம்பேறித்தனம். மொட்டையாக அனுப்புவார்கள், வேறு யாராவது வால் போட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்குப் போட்டது சங்கத்தின் பதிப்பாசிரியர் கொர்னேலியா. அவளையும் கூப்பிட்டார்கள். “மொத்தப் புத்தகத்துக்கும் மூவாயிரம் வால் போட்டிருப்பேன், அதுவும் பக்கம் கோக்கிறவரு கோப்புலயே. எதுக்குப் போட்டேன், எதுக்குப் போடலேன்னு சத்தியம் பண்ணச் சொன்னா எப்படிங்க?” என்றாள். அவள் நேர்மையானவள். நேர்மையானவர்களால் நிறைய உதவி உண்டு. ஒரு இடம் என்றால் அச்சுப்பிழை, முப்பத்தோரு இடத்தில் அச்சுப்பிழை வருமா என்று என் வழக்கறிஞர் கேட்டதை நீதிபதி குறித்துக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை குழந்தை தகப்பனிடம் இருக்கட்டும் என்றார்கள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி ஹல்ஷ்கா யகோடாவைக் கொண்டுவந்து விட்டாள். ரூஷா காரைவிட்டு இறங்கவில்லை. குழந்தை உள்ளே போனதும் ஹல்ஷ்கா வாசலிலேயே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போகுஷ், உன் கால்ல வேணா விழறேன். நான்தான் அடிச்சேன்னு எங்க வேணா கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அவ மேல மட்டும் கை வைக்காத.”

எனக்குத் திருப்தியாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு என் பெயரைச் சொல்லிப் பேசினாள். கவலைப்படாதே என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

விஷயம் வெளியே வந்தது ரூஷாவால்தான், அறிவினால் அல்ல. மேல்முறையீட்டு மனுவில் சேர்க்க, சங்கம் கொடுத்த புத்தகக் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டியிருக்கிறாள். ஒட்டிய இடத்தில் வால் இல்லை. திரும்ப ஒட்டியிருக்கிறாள், திரும்பவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் யாரையோ பிடித்துக் கேட்க, கண்ணுக்கு ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருப்பதை அவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். நான் உரையைத் தொடவில்லை என்று சொன்னேனே, அதற்கு அதுவே சாட்சி. ரூஷா இதைச் செய்தது மார்ச் பன்னிரண்டாம் தேதி. ஒரு நாள் முன்னால் செய்திருக்கலாம். இரண்டு மாதம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

பதினொன்றாம் தேதியைப் பற்றி முதல் விசாரணையிலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன், திரும்பவும் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டில் யகோடா பீட்ரூட் சூப்பைத் தட்டிவிட்டாள், நான் திருத்தி வைத்திருந்த தாள்கள் பூராவும் நனைந்துபோயின. “தெரியாமக் கொட்டிட்டேன்ப்பா, நானே தொடச்சிடறேன்” என்றாள். துடைக்கவும் துடைத்தாள். அதற்குப் பிறகு வாசல் படியில் விழுந்தாள். எங்கள் வீடு தரைத்தளம், மூன்று படி. மூன்று படிக்கு இவ்வளவு ஆகாது என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் எழுதியிருக்கிறார். அவர் எங்கள் படிகளைப் பார்த்ததில்லை. நான் உடனே கடைக்குப் போய் ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் வாங்கிவந்தேன். திரும்பி வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. டப்பா இன்னும் குளிர்பெட்டியில் இருக்கும், வீட்டுக்கு நீங்கள் சீல் வைத்துவிட்டீர்கள்.

இருபதாவது வரியை எழுதியது நான்தான். அதில் எனக்கு மறுப்பே இல்லை, முப்பத்தோரு இடத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த என் வாக்குமூலத்தையும் முழுக்கப் படித்துவிட்டேன், நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கம் ஏழாவது வரி மட்டும் பாருங்கள். ‘செப்டம்பருக்கு முன்பும் ஜனவரிக்குப் பிறகும் குழந்தையை’ என்று போட்டு, அடுத்து பியே என்று எழுதி, அந்த e-க்குக் கீழே ஒரு வால் வைத்திருக்கிறீர்கள். நான் வாயால்தானே சொன்னேன், காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும், உங்கள் மேல் தப்பில்லை. நான் சொன்னது வால் இல்லாத சொல், அதை எடுத்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.